பதினோரு முறை கதவு தட்டும் வேலை

கிளாஸ்கோவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளுக்கு ஸ்காட்லாந்துப் பள்ளித் தேர்வான ஹையரில், ஐந்து பாடங்களில் மூன்று ஏ, இரண்டு பி. வேதியியலிலும் பி. குடும்பத்துக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சனிக்கிழமை காலையில் சர்ச் மண்டபத்தில் கைக்குழந்தைகளோடு வரும் தாய்மார் குழுவுக்கு உதவப் போகிறாள், வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசுகிறாள். அவளுடைய பெரியப்பா, "ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்து யூகேட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும், மெடிசின் கிடைக்கலன்னா ஜார்ஜியா இருக்கு" என்கிறார். "நர்ஸிங் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறீர்கள்.

ஆறுதல் சொல்லி நேரத்தைப் போக்க விரும்பவில்லை. பெரியப்பாவின் திட்டம் வேண்டாம்.

ஸ்காட்லாந்து மாணவர்களை முதலாண்டிலிருந்து எடுக்கும் பழைய மருத்துவப் பள்ளிகள் ஐந்து: அபர்டீன், டண்டீ, எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கெல்லாம் பொதுவாக ஒரே முயற்சியில் ஐந்து ஏ, அல்லது அதை ஒட்டிய மதிப்பெண் கேட்கிறார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்தால் யூகேட் மதிப்பெண் ஏறலாம். ஒருமுறை வாங்கிவிட்ட பி, பி-யாகவேதான் இருக்கும். ஜார்ஜியா நாட்டுக்குப் போய்ப் படித்தால், ஸ்காட்லாந்து மாணவர்களுக்குப் படிப்புதவி தரும் அரசு அமைப்பான சாஸ் ஒரு பென்னிகூடத் தராது. கட்டணம், விமானம், வாடகை எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். திரும்பி வந்தபின் தனித் தேர்வு, அதன்பின் பயிற்சி இடத்துக்குப் போட்டி. இத்தனையும் அவள் கேட்காத ஒரு வேலைக்கு. கடிதத்தில் மருத்துவம் என்ற சொல் ஒன்பது இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் அதை அவள் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

அவள் சொன்னதாக இருப்பது ஒரே வரி: "பிள்ளை பெத்தவங்க வீட்டுக்குப் போய் உதவி பண்ற வேலை." வீட்டில் எல்லோரும் இதை நர்ஸிங் என்று மொழிபெயர்த்துக்கொண்டீர்கள். அவள் சொன்னது ஹெல்த் விசிட்டர் வேலை. நர்ஸிங் அதற்கு வாசல் மட்டும்.

ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு குழந்தைக்கும், பணக்கார வீடோ ஏழை வீடோ, ஹெல்த் விசிட்டர் வீடு தேடி வருகிறார். 2015-இல் வகுத்த பாதைப்படி மொத்தம் பதினோரு வருகை. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எட்டு, பிறகு 13-15 மாதத்தில் ஒன்று, 27-30 மாதத்தில் ஒன்று, பள்ளிக்குப் போகும் முன் 4-5 வயதில் ஒன்று. பேறுகால மிட்வைஃப் விடைபெறும் நேரத்தில், 11 முதல் 14 நாளுக்குள், இவர் வந்து பொறுப்பேற்கிறார். குழந்தையை நிறுத்து எடை பார்ப்பது வேலையின் சிறு பகுதிதான். பால் குடிக்கிறதா, தாய் தூங்குகிறாளா, மனம் சோர்ந்திருக்கிறதா, சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா, கணவன் கை நீட்டுகிறானா என்பது வரை கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி எல்லாத் தாய்மாரிடமும் வழக்கமாகக் கேட்க வேண்டிய ஒன்று, தனியாக இருக்கும்போது மட்டும். நம் வீடுகளில் மாமியார் சோபாவைவிட்டு எழுந்திருக்க மாட்டார். டீ போட அவரை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு அந்த இரண்டு நிமிடத்தைப் பிடிப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத திறமை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பதை மரியாதை குறையாமல் தடுப்பதும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். காரணத்தைத் தமிழில் சொன்னால் பாட்டி கேட்பார்.

இந்த வேலையின் பாதி, ஹெல்த் போர்டுக்கும் கவுன்சிலுக்கும் நடுவில் நடக்கிறது. உறவினர் யாருக்கும் தெரியாத விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் 14 வட்டார ஹெல்த் போர்டுகள், 32 கவுன்சில்கள். மருத்துவமும் ஹெல்த் விசிட்டரும் போர்டின் பக்கம். பள்ளி, நர்சரி, சமூகப்பணியாளர், வீட்டுவசதி கவுன்சிலின் பக்கம். குடும்பத்துக்கு இந்தப் பிரிவினை புரியாது, புரியவேண்டிய தேவையும் இல்லை. 2014-இல் வந்த இரண்டு சட்டங்கள் இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்தன. ஒன்று, உடல்நலத்தையும் சமூகப் பராமரிப்பையும் இணைக்கும் கூட்டு வாரியங்களை உருவாக்கியது. கிளாக்மனன்ஷையரும் ஸ்டெர்லிங்கும் ஒரே வாரியத்தைப் பகிர்ந்துகொண்டதால் 32 கவுன்சிலுக்கு 31 கூட்டமைப்பு. மற்றொன்று, குழந்தைகள் சேவைக்கு மூன்றாண்டுத் திட்டத்தைக் கவுன்சிலும் போர்டும் சேர்ந்தே போட வேண்டும் என்றது.

முதல் சட்டத்தில் ஒரு சூட்சுமம். பெரியவர்களுக்கான பராமரிப்பை இணைப்பது கட்டாயம், குழந்தைகளுடையது அவரவர் விருப்பம். கிளாஸ்கோவில் குழந்தைகள் சமூகப்பணியும் கூட்டமைப்புக்குள் இருக்கிறது. எடின்பரோவில் அதைக் கவுன்சில் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஹைலேண்ட் வேறு வழியில் போனது: 2012-இல் அங்கே ஹெல்த் விசிட்டர்களே கவுன்சில் ஊழியர்களாக மாறினார்கள். ஒரே வேலை, மூன்று ஊரில் மூன்று அமைப்பு. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

27-30 மாத வருகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள் பேச்சு, பெரிய அசைவு, விரல் வேலை, சிக்கல் தீர்ப்பது, பழகுவது என ஐந்து பகுதி. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை என்றால் தமிழ்ச் சொற்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் இல்லாத குறை தெரியும். 'இரண்டு மொழி, அதனால் தாமதம்' என்று விட்டுவிட்டால் இருக்கும் குறை மறையும். இரண்டு தவறும் நடக்கின்றன. அடுத்துச் செவித்திறன் சோதனை, பேச்சுப் பயிற்சியாளர்: இவை போர்டிடம். குறிப்பிட்ட உதவித்தொகைகள் பெறும் வீடு என்றால் இரண்டு வயதிலேயே வருடம் 1,140 மணிநேரம் இலவச நர்சரி: அது கவுன்சிலிடம். பண ஆலோசகரிடம் அனுப்புவதும் இவர் வேலைதான். கிளாஸ்கோ வட்டாரத்தில் மிட்வைஃபும் ஹெல்த் விசிட்டரும் குடும்பங்களை நேரே பண ஆலோசனைக்கு அனுப்பும் ஏற்பாடு 2010-இல் தொடங்கியது. கேட்டால் கிடைக்கும் உதவியைக் கேட்கத் தெரியாமல் விட்டவர்களுக்கு அது பேருதவி. பிரச்சினை ஒன்றுக்கு மேல் என்றால் குழந்தையைச் சுற்றியுள்ள எல்லோரையும் ஒரு மேசைக்கு அழைத்து, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதி, ஒருவரைப் பொறுப்பாளராக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றும் அவளுக்குச் சொல்லுங்கள். போர்டின் கணினியும் கவுன்சிலின் கணினியும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒரே குறிப்பை இரண்டு முறை தட்டும் நாட்கள் உண்டு. இரண்டு பட்ஜெட் இருப்பதால், 'இது உங்கள் செலவு' என்று கோப்பு தள்ளப்படும்போது குழந்தைக்கு மூன்று மாதம் கழிந்திருக்கும். இரண்டரை வயதில் மூன்று மாதம் பெரிய காலம். குடும்பத் தகவலை யாருக்கு எவ்வளவு சொல்லலாம் என்பது இன்னொரு கத்திமுனை. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் குறித்த பொறுப்பாளர் ஒருவரைச் சட்டப்படி கட்டாயமாக்கும் திட்டத்தை, அதன் தகவல் பகிர்வுப் பிரிவுக்காகவே 2016-இல் பிரிட்டன் உச்சநீதிமன்றம் நிறுத்தியது. அந்தப் பொறுப்பு கட்டாயச் சட்டமாகாமல் நடைமுறையில் தொடர்கிறது: பள்ளிக்குப் போகும்வரை ஹெல்த் விசிட்டர், போனபின் தலைமையாசிரியர். அதாவது ஐந்து வயதில் குழந்தையின் கோப்பு போர்டிலிருந்து கவுன்சிலுக்குக் கைமாறுகிறது. அந்தக் கோடைவிடுமுறையில் தவறவிடப்படும் குழந்தைகள்தான் அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள். நல்ல ஹெல்த் விசிட்டர் ஜூன் மாதமே பள்ளிக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசிவிடுவார்.

கைக்குழந்தைகளைக் கொஞ்சும் வேலை என்று அவள் நினைத்திருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். குழந்தைப் பாதுகாப்பு விசாரணையில் போலீஸோடும் சமூகப்பணியாளரோடும் பேச வேண்டும், எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும், சில வீடுகளின் நினைவு இரவிலும் கூடவே வரும். இதைக் கேட்டும் அவள் ஆம் என்றால், அந்தச் சம்மதத்தை மதியுங்கள்.

பாதை இது. முதலில் நர்ஸிங் பட்டம், மூன்று ஆண்டு, ஆனர்ஸ் என்றால் சில இடங்களில் நான்கு. குழந்தை நலப் பிரிவு கிளாஸ்கோ காலிடோனியனிலும் எடின்பரோ நேப்பியரிலும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி உண்டு. அது கிடைக்காமல் பெரியவர் பிரிவு கிடைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஹெல்த் விசிட்டர் பயிற்சிக்கு எந்தப் பிரிவு நர்ஸும் போகலாம். மொத்தம் 4,600 மணிநேரத்தில் பாதி வார்டிலும் வீடுகளிலும் களப்பயிற்சி. இரவு ஷிஃப்ட் வரும், கிளாஸ்கோவுக்கு வெளியேயும் அனுப்புவார்கள். பட்டம் முடித்து, பதிவு பெற்று, ஒன்றிரண்டு வருடம் வேலை. ஹெல்த் விசிட்டர் குழுவிலேயே பேண்ட் 5 (சம்பளப் படிநிலை) நர்ஸ் பணியிடம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓராண்டு முதுநிலைப் பயிற்சி. அதற்கான இடத்தை ஹெல்த் போர்டே விளம்பரம் செய்கிறது, சம்பளமும் தருகிறது. தகுதி பெற்றபின் ஸ்காட்லாந்தில் ஹெல்த் விசிட்டர் பேண்ட் 7. 2025-26 அட்டவணையில் பேண்ட் 5 தொடக்கம் ஏறக்குறைய 33,200 பவுண்டு, பேண்ட் 7 தொடக்கம் 50,900.

செலவு விஷயத்தில் பேரம் வேண்டாம். ஸ்காட்லாந்தில் நர்ஸிங் படித்தால் கட்டணத்தைச் சாஸ் கட்டுகிறது. அதற்கு மேல் முதல் மூன்று ஆண்டுக்கு வருடம் 10,000 பவுண்டு, நான்காம் ஆண்டில் 7,500. பெற்றோர் வருமானம் பார்ப்பதில்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆனால் இது வாங்குபவருக்கு வழக்கமான மாணவர் கடன் கிடையாது, ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், நடுவில் நின்றால் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்பார்கள். இங்கிலாந்தில் போய்ப் படித்தால் இந்தப் பணம் வராது. 'மான்செஸ்டரில் சித்தி வீடு இருக்கிறதே' என்ற யோசனை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். உங்களுக்கு இருக்கும் நிரந்தர அனுமதி இல்லாமல் வேலை விசாவில் இருக்கும் குடும்பங்கள், பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும் முன் சாஸின் வசிப்பிட விதியைப் பார்க்க வேண்டும்.

கவுன்சில் பக்கத்து வேலைதான் பிடிக்கும் என்றால் சமூகப்பணிப் பட்டம் இருக்கிறது. நான்கு வருடம், நல்ல படிப்பு. அந்த 10,000 பவுண்டு அதற்கு இல்லை.

இப்போது செய்ய வேண்டியவை. சர்ச் குழுவில் அவள் பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். குழந்தையின் பெயர் வேண்டாம், எது நடந்தது, தான் என்ன செய்தாள் என்று மட்டும். பல்கலைக்கழக விண்ணப்பமான யூகாஸ் படிவத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது அதுதான் சரக்கு. 'சிறுவயதிலிருந்தே சேவை மனப்பான்மை' என்று தொடங்கும் கட்டுரைகளைப் படிப்பவர் கொட்டாவி விடுவார். மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி நடுவாக்கில். குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் பிவிஜி பின்னணிச் சோதனை உண்டு, தடுப்பூசிப் பதிவும் கேட்பார்கள். இந்தியாவில் போட்ட ஊசிகளின் அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். வேலை தேடும் காலம் வரும்போது ஒன்றை நினைவில் வைக்கட்டும்: கூட்டு வாரியம் சேவையைத் திட்டமிடும், நேரடி ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவது போர்டு அல்லது கவுன்சில். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்களுக்கு வேறு வேறு சம்பள விகிதம், வேறு வேறு விடுமுறை. போர்டு வேலைகள் என்ஹெச்எஸ் ஸ்காட்லாந்து தளத்தில் வரும், கவுன்சில் வேலைகள் மைஜாப்ஸ்காட்லாந்தில். ஒன்றை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

பதினேழு வயதாகிவிட்டால் கார் ஓட்டப் பழகட்டும். ஒரு நாளில் ஐந்து வீடு, ஐந்து மூலையில் இருக்கும். ஹெல்த் விசிட்டர் விளம்பரங்களில் ஓட்டுநர் உரிமம் கேட்பது வழக்கம். யூகேட் பயிற்சி வகுப்புக்கு எடுத்து வைத்த பணம் இதற்குப் போதும்.

பெரியப்பாவுக்கு நீங்களோ உங்கள் கணவரோ பதில் எழுதுங்கள், இந்த வாரமே. அதை அவளை எழுதச் சொல்லாதீர்கள்.