மகளின் படத்தை மாற்றி மிரட்டுகிறார்கள்: இன்றிரவே செய்ய வேண்டியவை

அக்கா, 15 வயது மகளின் படத்தை ஒருவன் நிர்வாணமாக மாற்றி இன்ஸ்டகிராமில் போட்டு, 300 வெள்ளி கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது. என் அக்கா மகளுக்கும் இப்படி நடந்தது. போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கணக்குப் புத்தகத்தை அடுக்கிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் திரும்பவும் கேட்பான். அவனை இப்போதே பிளாக் செய்ய வேண்டாம். முதலில் மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தை மட்டும் யாருக்கும், சொந்தக்காரர்களுக்குக்கூட, அனுப்பாதீர்கள். பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே குற்றம்.

பிறகு போலிஸ் நிலையத்துக்குப் போங்கள். “போலிப் படம்தானே” என்று தயங்க வேண்டாம். மாற்றிய அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் 2020 முதல் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்தில் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. அவன் மேலும் தொல்லை கொடுக்காமல் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவைக் கேட்கத் தொல்லைத் தடுப்பு நீதிமன்றம் 2021 முதல் தனியாகவே இருக்கிறது.

இன்ஸ்டகிராமிலும் புகார் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான ‘டேக் இட் டவுன்’ இலவசச் சேவை, படத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டு அதன் டிஜிட்டல் கைரேகையை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை, மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்பும். இப்படிப்பட்ட படத்தை நீக்க உத்தரவிடும் ஆணையத்துக்கான சட்டத்தையும் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 நவம்பரில் நிறைவேற்றியது. நம் பிள்ளைகளுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

இன்றிரவு மகள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். “ஏன் படம் போட்டாய்” என்று மட்டும் கேட்காதீர்கள், அக்கா.