நம்மை நாம் எங்கே பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

(தன்னை அறிதல் குறித்துப் பலர் எழுதியிருந்ததால், இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம்.)

கேள்வி: குரூப் 2 தேர்வுக்காக மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இரண்டு முறை முதல்நிலைத் தேர்வில் சில மதிப்பெண்களில் வாய்ப்பு போய்விட்டது. தொடர்ந்து படிப்பதா, வேலைக்குப் போவதா என்று கேட்டால், “உன்னைப் பற்றி உனக்குத்தான் தெரியும்” என்கிறார் அப்பா. தெரியவில்லை என்பதுதானே என் பிரச்சினை?
– வாசகர், தருமபுரி

பதில்: உங்கள் அப்பா பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்காக அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் சரி. நம் ஆசையும் அச்சமும் நமக்குத்தான் தெரியும். நம் வேகம் என்ன, எந்த இடத்தில் சறுக்குகிறோம், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பவற்றை நம்மையே கேட்டால் சரியான விடை வருவதில்லை. நாம் ஏற்கெனவே செய்து முடித்த வேலையைப் பார்த்தால்தான் வரும். ஆகவே, ‘எனக்கு எது பொருந்தும்’ என்று மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசிப்பதைச் சிறிது காலம் ஒத்திவைத்துவிட்டு, கடந்த ஓராண்டில் எழுதிய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து வையுங்கள்.

200 கேள்விகள் கொண்ட ஒரு தாளில் 70 விடைகள் தவறு என்றால், அந்த எழுபதும் ஒரே காரணத்தால் தவறியவை அல்ல. சில கேள்விகள் நீங்கள் தொடவே தொடாத பாடப்பகுதியிலிருந்து வந்திருக்கும். சில, படித்தும் மறந்தவை. ‘பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது’ என்று கேட்டிருந்ததை அவசரத்தில் ‘சரியான கூற்று எது’ என்று வாசித்து, தெரிந்த விடையையே மாற்றிக் குறித்தவையும் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிற மையால் குறியிடுங்கள். தாளின் கடைசிப் பகுதியில் தவறுகள் திடீரென்று கூடுகின்றனவா என்பதையும் பாருங்கள். கூடினால் சிக்கல் அறிவில் இல்லை, மூன்று மணி நேரத்தைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது. ஐந்தாறு தாள்களுக்கு இப்படிச் செய்தால், உங்களுக்கென்று ஒரு போக்கு இருப்பது கண்ணுக்குத் தெரியும். கேள்வியைத் தவறாக வாசிப்பவருக்கு அதே பாடத்தை நான்காம் முறை படிப்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதை அந்தத் தாளே காட்டிவிடும். எத்தனையோ இளைஞர்கள் இந்த ஒன்றைச் செய்யாமல் மேலும் ஓராண்டை அதே வழியில் செலவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

‘இந்த முறை நிச்சயம் முடித்துவிடுவேன்’ என்ற உள்மனக் கணிப்பை மட்டும் நம்பி ஆண்டுகளைக் கொடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். மாணவர்களின் சராசரிக் கணிப்பு சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு: முன்பு இதைப் போன்ற வேலைகளைத் தாம் எப்படி முடித்தோம் என்பதை நினைவுகூர்ந்து, அதை இப்போதைய வேலையோடு பொருத்திப் பார்த்தவர்களின் கணிப்பு உண்மைக்கு மிக நெருங்கி வந்தது. தம் பழைய நடத்தையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் தம்மைச் சரியாக அறிந்தார்கள்.

திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் முதல் குறளே தன்வலியைத் தனியாக வைக்கவில்லை. வினைவலி, மாற்றான் வலி, துணைவலி ஆகியவற்றோடு சேர்த்தே தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. உங்களைப் பொறுத்தவரை துணைவலி என்பது உங்கள் வீட்டின் வருமானம். இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அப்பாவிடம் நேராகவே கேளுங்கள். பிறகு, அடுத்த ஆறு மாதத்தில் மாதிரித் தேர்வில் எந்த மதிப்பெண்ணை எட்டினால் தொடர்வது, எட்டாவிட்டால் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்று இப்போதே எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு அளவுகோலை மாற்றும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. எழுதிக் கொடுத்த தாள் அதற்கு இடம் தராது.

கேள்வி: என்னைப் புரிந்துகொள்வதற்காகத் தினமும் இரவில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்று எழுதி எழுதி, இப்போது முன்னைவிட மனம் சோர்ந்துபோகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: எழுதுவதை நிறுத்த வேண்டாம் அம்மா, அந்த ‘ஏன்’ என்ற கேள்வியை மட்டும் நிறுத்துங்கள். தன்னைப் பற்றி நினைப்பதில் இரண்டு வகை உண்டு என்று டிராப்னெல், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் 1999இல் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று அறியும் ஆவலிலிருந்து வருவது. மற்றது அச்சத்திலிருந்தும் இழப்புணர்விலிருந்தும் வருவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தன்னாய்வு போலவே இருக்கும். இரண்டாவது வகை, ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவதன்றி வேறில்லை.

தவிர, ‘ஏன்’ என்று கேட்டால் மனம் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிவிடும். அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நிஸ்பெட், வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு கடையில் நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. மற்ற ஜோடிகளைவிட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் காரணம் கேட்டபோது ஒருவர்கூட அது வைக்கப்பட்டிருந்த இடத்தைச் சொல்லவில்லை. காலுறைக்கே இப்படியென்றால், வாழ்க்கைத் துயரங்களுக்கு நாம் இரவு பத்து மணிக்குக் கண்டுபிடிக்கும் காரணங்களை எவ்வளவு நம்பலாம்?

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘மாலை ஆறரை மணிக்கு, பால் வாங்கினாயா என்று அத்தை கேட்டார், எரிந்து விழுந்தேன், மதியம் சாப்பிட்டிருக்கவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்’ என்ற அளவுக்கு எழுதினால் போதும். தீர்ப்பு எதுவும் வேண்டாம். மாதம் முடிந்ததும் எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் படியுங்கள். பசியும் எரிச்சலும் ஒரே நாள்களில் வருகின்றனவா, ஒரு குறிப்பிட்டவரோடு பேசிய நாளில் மட்டும் தூக்கம் கெடுகிறதா என்பவை அப்போது தெரியவரும். ‘நான் கெட்டவள்’ என்று எழுதிய பக்கத்திலிருந்து எந்த மாற்றத்தையும் தொடங்க முடியாது. ‘மதியம் சாப்பிடவில்லை’ என்ற வரியிலிருந்து நாளைக்கே தொடங்கலாம்.

இந்தச் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால் நாட்குறிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, அதற்குக் கட்டணமில்லை.

கேள்வி: ஆளுமைச் சோதனை ஒன்றை இணையத்தில் செய்து பார்த்தேன். என்னை நேரில் பார்த்து எழுதியது போலவே இருந்தது. நம்பலாமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ‘என்னைப் போலவே இருக்கிறது’ என்ற உணர்வை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு மதிப்பீடு தருவதாகச் சொல்லிக் கொடுத்தார். மாணவர்கள் அதன் பொருத்தத்துக்கு 5க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே பத்தி. அதன் வாக்கியங்களில் பெரும்பகுதியை அவர் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். உங்களுக்கு வந்த பத்தியை உங்களோடு ஒத்துப்போகாத ஒரு தோழியிடம், அவளுக்கு வந்ததாகச் சொல்லிப் படிக்கக் கொடுங்கள். அவளும் தலையாட்டினால், அது உங்களைப் பற்றியது அல்ல.

கேள்வி: ரமண மகரிஷி சொன்ன ‘நான் யார்’ என்ற விசாரணையும் நீங்கள் சொல்லும் தன்னறிவும் ஒன்றுதானா?
– வாசகர், திருக்கோவிலூர்

பதில்: இல்லை. 1902இல் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து உருவானது ‘நான் யார்’ என்ற நூல். எழும் எண்ணம் யாருக்கு எழுகிறது என்று அதன் மூலத்தைத் தேடிப் போகச் சொல்கிறார் அவர். எண்ணத்தின் தன்மையை எடைபோடச் சொல்லவில்லை. தன் முன்கோபத்தையும் தள்ளிப்போடும் பழக்கத்தையும் கவனிப்பது அதைவிடச் சிறிய வேலை. பெரியதன் பெயரைச் சொல்லிச் சிறியதைத் தட்டிக்கழிப்பவர்கள் இருப்பதால்தான் இரண்டையும் பிரித்தே வைக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை நடத்துகிறேன். நான் கோபக்காரன் என்று தொழிலாளர்கள் பேசிக்கொள்வதாக என் மனைவி சொல்கிறார். எனக்குக் கோபம் வருவதே அரிது. சத்தமாகப் பேசுவது என் சுபாவம், அவ்வளவுதான். யார் சொல்வது சரி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு தரப்பும் உண்மை சொல்லலாம். உங்கள் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் முகமும் குரலும் எப்படி இருக்கின்றன என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியும். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் போன்று உள்ளுக்குள் நிகழ்பவற்றை ஒருவர் தாமே சரியாகக் கணித்தார். அறிவுத்திறன், படைப்புத்திறன் போல நம்மைப் பற்றி நாம் உயர்வாக நினைக்க விரும்பும் விஷயங்களில் நண்பர்களின் கணிப்பே உண்மைக்கு அருகில் இருந்தது. ஒரு முதலாளி தம் பட்டறையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே என் கருத்து.

அதற்காக எல்லோரையும் கூட்டி, “நான் கோபக்காரனா?” என்று கேட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிறவரிடம் ‘ஆமாம்’ என்று யார் சொல்வார்? உங்களோடு அதிக காலம் இருக்கும் ஒருவரைத் தனியாக அழைத்து, குணத்தைப் பற்றிக் கேட்காமல், நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கேளுங்கள். “போன வாரம் அந்த ஷாஃப்ட் அளவு குறைந்து ரிஜெக்ட் ஆனபோது நான் என்ன சொன்னேன்? அதன் பிறகு அந்தப் பையன் என்ன செய்தான்?” என்று கேட்டால், அவருக்குப் பதில் சொல்ல வழி இருக்கும். அவர் சொல்லும்போது “அப்படி இல்லப்பா, அன்னைக்கு டெலிவரி அவசரம்” என்று தொடங்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது. இனி எந்த நாளிலும் அவர் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். கேட்டு முடித்ததும் ‘சரி’ என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

யாரையும் கேட்காமலேயே நீங்கள் பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. ஒரு ஜாப் கெட்டுப்போனால் அந்தச் செய்தி எவ்வளவு நேரத்தில், யார் வழியாக உங்களுக்கு வருகிறது? கெடுத்தவரே கையில் எடுத்துக்கொண்டு வருகிறாரா, அல்லது மாலையில் ஸ்கிராப் தொட்டியின் அடியிலிருந்து நீங்களே கண்டெடுக்கிறீர்களா? இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பதற்கு ஒருவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறார் வள்ளுவர். உங்களுக்கு அப்படிச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கிறார். அது பெரிய பேறு, அவர் சொல்லை வாதத்தில் வெல்லப் பார்க்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே பழைய தொழிலாளியிடம் மறுபடி கேளுங்கள்; அதற்குள் ரிஜெக்ட் ஆன ஒரு பீஸையாவது யாராவது தாமாகவே உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார்களா என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.