திம்காட் எங்கே இருக்கிறது, அதன் வரலாறு என்ன?

அல்ஜீரியாவின் பாட்னா நகருக்குக் கிழக்கே, ஓரெஸ் மலையடிவாரத்தில் உள்ள பழைய ரோமானிய ஊர்தான் திம்காட். கி.பி. 100-இல் பேரரசர் டிராஜன் இதை நிறுவினார். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் தர வேண்டியிருந்தது. அவர்கள் அங்கேயே குடியேறினால் அந்தப் பகுதியும் ரோமின் பிடியில் இருக்கும்.

மனை பிரித்துப் போட்ட லேஅவுட் மாதிரி, தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஊர்ச் சதுக்கத்தின் தரைக்கல்லில் யாரோ செதுக்கி வைத்த வரி: “வேட்டையாடுவது, குளிப்பது, விளையாடுவது, சிரிப்பது, இதுதான் வாழ்க்கை.” அப்புறம் ஊர் கைவிடப்பட்டது. மணல் மூடிக் கிடந்ததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

சதுர அமைப்பைப் பார்த்து இதைப் படைமுகாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நாடக அரங்கு, நூலகம், குளியல் கூடங்களோடு குடும்பங்கள் வாழ்ந்த ஊர் இது.