பக்கவாத்தியக்காரங்க போட்ட ஆல்பம்

வணக்கம் அண்ணா,

அமெரிக்கப் பாடகர் ஆண்டர்சன் பாக் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அவரோட பாட்டெல்லாம் தேடித்தேடிக் கேட்டேன். டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டே பாடுற ஆளை அப்பதான் முதல்முறையா பாக்குறேன், அசந்துட்டேன். அப்படியே அவரோட பேண்ட் ஃப்ரீ நேஷனல்ஸ் தனியா போட்ட ஆல்பத்தையும் கேட்டேன். உண்மையைச் சொல்லணும்னா ஏமாத்தமாதான் இருந்துச்சு. பாக் ஒரே ஒரு பாட்டுலதான் வர்றாரு, மத்ததுல ஆளாளுக்கு வந்து பாடிட்டுப் போறாங்க. தாளம் நல்லாருக்கு, ஆனா மனசுல நிக்கிற முகம்னு ஒண்ணு இல்ல. பாடகர் இல்லாம ஒரு பேண்டுக்கு ஆல்பம் எதுக்குண்ணா? நீங்க இதை எப்படிக் கேக்குறீங்க?

ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

நீங்க கேட்டது நியாயமான கேள்விதான். நான் அந்த ஆல்பத்தை முதல்ல போன் ஸ்பீக்கர்லதான் கேட்டேன், எனக்கும் ஒண்ணும் பிடிபடல. அப்புறம் ஒரு ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேட்டப்பதான், அடடா நாம இத்தன நாளா குரலைத்தான் தேடிட்டு இருந்திருக்கோம், பாட்டு கீழ பேஸ்ல, அதாவது அடியில முழங்குற அந்த கிட்டார்ல, நடந்துட்டு இருக்குன்னு தெரிஞ்சுது.

கெல்சி கோன்சாலஸோட பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பாருங்க. அதிகமா ஒரு நோட்டு வாசிக்க மாட்டாரு. காலால அடிக்கிற பெரிய டிரம், அந்த கிக் டிரம் விழுற இடத்துல கரெக்டா போய் உக்காருவாரு, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியிலதான் நம்ம தலை தானா ஆடும். ஹோசே ரியோஸ் கிட்டார்ல ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பிடிச்சு சிக்கு சிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான், சோலோ வாசிக்கத் தெரிஞ்ச கை அது, ஆனா வாசிக்காம நிக்குது. ஆட வைக்கிற இந்தத் தாள இசை, ஃபங்க்னாலே இந்த அடக்கம்தான்னு நான் நம்புறேன். ஒருத்தர் கூடுதலா வாசிச்சாலும் மொத்தமும் கலைஞ்சிரும்.

கீபோர்டு வாசிக்கிற டி.நாவா டாக்பாக்ஸும் வாசிப்பாரு, அதைச் சொல்லாம விட முடியாது. ஒரு பிளாஸ்டிக் டியூப், கீபோர்டு சத்தம் அது வழியா வாய்க்குள்ள வரும், தொண்டையில குரலே எழுப்பாம உதட்டையும் நாக்கையும் மட்டும் அசைச்சா கீபோர்டு வார்த்தை பேசும், முன்னாடி இருக்கிற மைக் அதைப் பிடிச்சுக்கும். ஒஹாயோல ஸேப்புன்னு ஒரு பேண்ட், அதுல ரோஜர் ட்ரௌட்மேன் இதை வச்சு ஒரு பெரிய வித்தையே காட்டினாரு, 1995ல ராப்பர்கள் டூபாக்கும் டாக்டர் ட்ரேயும் பண்ண 'கலிஃபோர்னியா லவ்'ல வர்ற அந்த மெஷின் குரல் அவரோடதுதான். அதே கலிஃபோர்னியாவுல ஆக்ஸ்னார்டுங்கிற ஊர்க்காரரு பாக், அவரோட பேண்ட் கையில அந்த டியூப் இருக்குறப்ப அது சும்மா ஒரு எஃபெக்ட் இல்ல, பரம்பரைச் சொத்து மாதிரி.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பேண்டுக்கு ஆல்பம் எதுக்குன்னு கேட்டீங்க. ஹிப்ஹாப் எதுலேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க தம்பி. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்குப் பின்னாடி டிரம்ஸ் வாசிச்சவரு க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1970ல வந்த 'ஃபங்கி டிரம்மர்'ல மத்தவங்க எல்லாரும் நிறுத்திட்டு அவரு மட்டும் சில நொடி வாசிப்பாரு, அந்தச் சில நொடியை வெட்டி எடுத்துத்தான் பின்னாடி நூத்துக்கணக்கான ராப் பாட்டு கட்டினாங்க, பப்ளிக் எனிமிங்கிற ராப் குழுவோட 'ஃபைட் த பவர்' உள்பட. பாட்டு எழுதினவங்க லிஸ்ட்ல அவர் பேரே இல்லாததால ராயல்டி அவருக்குப் போகல. 2017ல அவர் இறந்தப்ப நான் அன்னிக்கு முழுக்க அந்த ஒரு பாட்டையேதான் திருப்பித்திருப்பிக் கேட்டுட்டு இருந்தேன். உலகமே ஆடின தாளம், வாசிச்ச கைக்கு ஒண்ணுமில்ல.

அதனாலதான் 2019 டிசம்பர்ல ஃப்ரீ நேஷனல்ஸ் தங்களோட பேரையே தலைப்பா வச்சு ஆல்பம் போட்டப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். அது வந்த வழியையும் கவனிங்க. பாக் தன்னோட 'மாலிபு' ஆல்பத்துக்கு அப்புறம் டாக்டர் ட்ரேயோட ஆஃப்டர்மாத்துக்குப் போயிட்டாரு, பெரிய கம்பெனி. பேண்ட் தங்களோட ஆல்பத்தை அங்க கொண்டுபோகல, 'மாலிபு' வந்த அதே எம்பயர் வழியாத்தான் விட்டாங்க, அது சான் ஃபிரான்சிஸ்கோல இருக்கிற இன்டிபென்டன்ட் கம்பெனி. 2021 கிராமி விருதுல ப்ரோக்ரஸிவ் ஆர் அண்ட் பி ஆல்பம் பிரிவுல நாமினேஷன் வரைக்கும் போச்சு, விருதை தண்டர்கேட் வாங்கிட்டாரு, அவரும் ஒரு பேஸ் வாசிக்கிறவருங்கிறதால எனக்கு அதுல வருத்தமில்ல.

ஆளாளுக்கு வந்து பாடிட்டுப் போறாங்கன்னு சொன்னீங்கல்ல, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. வீடு இவங்களோடது, வர்றவங்கதான் விருந்தாளி. ஜமைக்காலேர்ந்து க்ரோனிக்ஸ் வர்றாரு, உடனே அந்த ஊர் இசை ரெகே பக்கம் சாயுறாங்க, ராப்பர்கள்ல அட்லாண்டாலேர்ந்து டி.ஐ., பஃபலோலேர்ந்து கான்வேயும் வெஸ்ட்சைட் கன்னும், யாரு வந்தாலும் தரை மட்டும் மாறாது. 'டைம்'ங்கிற பாட்டுல பாடகி காலி உச்சிஸ் கூட வர்ற ராப்பர் மேக் மில்லர், ஆல்பம் வர்றதுக்கு முந்தின வருஷம் செப்டம்பர்லயே இறந்துட்டாரு, 26 வயசு. பாட்டு முழுக்க பேண்ட் குரலை ஒசத்திப் பிடிக்கவும் இல்ல, சோகத்தைக் கூட்டவும் இல்ல, அவரு உயிரோட பக்கத்துல நின்னு வாசிக்கச் சொன்னா எப்படி வாசிப்பாங்களோ அப்படியே வாசிச்சிருக்காங்க. அந்த மரியாதை எனக்குத் தொண்டையை அடைச்சிரும், இன்னிக்கும்.

ஒரு குறை எனக்கும் இருக்கு. கடைசிப் பக்கம் போகப்போக ராப் நெருக்கமாயிருது, பேண்டை மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் விட்டிருக்கலாம், ஒரு தனி ஆவர்த்தனம் மாதிரி. அதுக்கு ஏங்கினேன்.

ஹெட்போன் போட்டு, சிட் பாடுற 'ஷிபுயா'லேர்ந்து ஆரம்பிங்க. முதல் தடவை பாடுறவங்களைக் கேளுங்க, ரெண்டாவது தடவை பேஸை மட்டும். கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.