மேடவாக்கம் ஃப்ளாட்: 62 லட்சத்தை மறந்துவிட்டு யோசியுங்கள்

62 லட்சத்துக்கு வாங்கிய சென்னை மேடவாக்கம் ஃப்ளாட்டை இப்போது 56 லட்சத்துக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை முடிவெடுக்க, 62 லட்சத்துக்கு வாங்கினீர்கள் என்பது கணக்கிலேயே வரக்கூடாது. வாங்க வருபவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

இரண்டு வருடமாக விற்க மனசு வரவில்லை என்கிறீர்கள். அது பேராசை இல்லை, நஷ்டத்தை ஒப்புக்கொள்ளும் வலிதான். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டியது இதையே: தொகை ஒன்றேயானாலும், கிடைக்கும் மகிழ்ச்சியைவிட இழக்கும் வலி பெரிது. 1990-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஃப்ளாட் விற்றவர்களை ஆராய்ந்தபோதும், நஷ்டத்தில் இருந்தவர்கள் கூடுதல் விலை சொல்லிவிட்டு நெடுநாள் காத்துக்கிடந்தது தெரிந்தது. நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை!

ஒன்று செய்து பாருங்கள். கையில் 56 லட்சம் ரொக்கமாக இருந்தால், இதே ஃப்ளாட்டை இன்று வாங்குவீர்களா? மாட்டேன் என்று சட்டென வந்தால், விற்றுவிடுங்கள். உங்கள் பதிலைச் சொல்லாமல் வீட்டிலும் கேளுங்கள்.

மெட்ரோவுக்காகக் காத்திருந்தால் சரி, அது நியாயமான காரணம்; மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் அந்த வழியாகத்தான் வருகிறது. ஆனால் எதுவரை பொறுப்பீர்கள் என்று தேதி போட்டு இப்போதே எழுதி வையுங்கள். அப்புறம், விற்பதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். வருமான வரிக் கணக்கில், நீண்டகால மூலதன நஷ்டத்தை (நீண்டநாள் வைத்திருந்த சொத்தை விற்றதில் வரும் நஷ்டத்தை) 8 வருடம்வரை எடுத்துச் சென்று, அதே வகை லாபத்தில் கழிக்க வழி இருக்கிறது.