திம்பம் இறக்கத்தில் பின்பிரேக் பிடிக்காமல் போனால்

பைக் செயின் டைட் பண்ணின மறுநாள் சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில இறங்கினப்போ பாதியில கருகல் வாடை, பின்பிரேக் பிடிக்கல, இனி காருக்கே மாறிடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாமுங்க. லாரி மொத்த ரோட்டையும் அடைச்சுத் திரும்புறப்போ ஓரமா ஒதுங்கி நிக்க பைக்குக்குக் கொஞ்சம் இடம் போதும். அடிவாரத்துப் பண்ணாரி வரைக்கும் மலைக்காத்து வாங்கிக்கிட்டு இறங்குற சுகம் கார்ல வராது.

செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தினா, பெடலையும் பின்சக்கரத்து டிரம் பிரேக்கையும் இணைக்கிற ராடும் கூடவே இறுகிடும். அதைத் தளர்த்தாம விட்டா, உள்ள அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ, சக்கரத்தோட சுத்துற டிரம்மை உரசிக்கிட்டே இருக்கும். 27 கொண்டை ஊசி வளைவுக்குள்ள சூடேறிப் பிடிப்புப் போயிடும். உங்களுக்கு நடந்தது இதுவாத்தான் இருக்கணும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரல்ல சக்கரத்தைக் கையால சுத்துங்க. உரசினா ராடு முனை நட்டை அரைச்சுத்து அரைச்சுத்தா தளர்த்துங்க. பெடல் 2, 3 செ.மீ. இறங்கின பிறகுதான் பிடிக்கணும். கருகல் வாடை வந்துட்டதால சக்கரத்தைக் கழட்டி ஷூவையும் பாத்துடுங்க. கண்ணாடியாட்டம் பளபளத்தா உப்புத்தாள்ல லேசா தேய்க்கலாம். வெடிப்பு இருந்தா ஜோடியா மாத்துங்க. உள்ள இருக்கிற தூசியை ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

அடுத்த தடவை ரெண்டாவது கியர்லயே இறங்குங்க. வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சு விட்டுடுங்க, காலைப் பெடல் மேலேயே வெச்சிருக்காதீங்க.