ரீபூட் செய்ததும் எஸ்டிபி எப்படி எஸ்டிசி ஆனது?

லினக்ஸில் ரீபூட் செய்யும்போதெல்லாம் டிஸ்க் பெயர் மாறுகிறது, பேக்கப் ஸ்கிரிப்ட் தவறான டிஸ்கில் எழுதிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை நிரந்தரப் பெயர்கள் அல்ல, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்குகளைக் கண்டுபிடித்த வரிசையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. ஒரு யூஎஸ்பி டிஸ்க் சற்று முந்திக்கொண்டால் வரிசையே மாறிவிடும்.

பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயருக்குப் பதில் யூயூஐடி (தனி அடையாள எண்) போடுங்கள். பிஎல்கேஐடி கட்டளையை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால் காட்டும். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) என்றால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. ஃபேட்32 பார்ட்டிஷனில் வெறும் 8 இலக்கம்தான், அதைப் பார்த்து ஏதோ தப்பு என்று குழம்ப வேண்டாம்.

இந்த எண் ஃபைல்சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் மாறாது, ஃபார்மட் செய்தால் மாறிவிடும். டிடி கட்டளை கொண்டு டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் வில்லங்கம்: இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. எது மவுன்ட் ஆகும் (இணைக்கப்படும்) என்று சொல்ல முடியாது. எக்ஸ்ட்4 குளோனுக்கு டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் புது எண் கொடுத்துவிடுங்கள்.

ஃபார்மட் செய்யாத வெற்று டிஸ்க் என்றால் யூயூஐடி இருக்காது; டெவ் டைரக்டரியில் டிஸ்க் ஃபோல்டர், அதற்குள் பை-ஐடி ஃபோல்டரைப் பாருங்கள். மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும். டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கழற்றி மாட்டும் டிஸ்க் என்றால் எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அது இல்லாத நாளில் பூட் பாதியில் நிற்கும்.